முதலில் கண்ணைப் பார்

கும்மிடிப்பூண்டி
14-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

கலா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் அம்மா பன்னிரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நைனா உன் பெயரைச் சொல்வதில்லை. வேறு யாரும் சொல்லவும் கூடாது.

உன் முகவரி என் வகுப்பில் படிக்கும் ஷைனியின் அம்மா ஏஞ்சலின் ஆன்ட்டி மூலம் கிடைத்தது. அவர் தேர்வாய் கண்டிகையில் ராபின் அண்ணனோடு ஒரே கம்பெனியில் வேலை செய்தவர். பதில் எழுதினால் ஷைனி வீட்டு முகவரிக்கே எழுது. வெளியே என் பெயர் வேண்டாம். என் போனை நைனா பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டார். எல்லோரும் தூங்கிய பிறகு சமையல்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நைனா இருமினால்கூட விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு.

ஸ்டூடியோ நடக்கிறது. தை மாதம் நீ விளக்கேற்றித் திறந்த கடையை ஆனி பிறப்பதற்குள் மூட வேண்டுமா என்று பெரியப்பாதான் நைனாவிடம் சொன்னார். வயலில் பாதியைக் கம்பெனிக்கு விற்ற பணத்தில் வைத்த கடை. அதனால் நைனாவே கேமராவைத் தூக்கிக்கொண்டார். பகலில் அவர் எடுக்கிறார், பள்ளி விட்டு வந்து நான் கம்ப்யூட்டரில் சரி செய்கிறேன். கம்பெனி கேட் பாஸுக்குப் படம் எடுக்க வரும் ஒடிசாப் பையன்களுக்கு அவர் சொல்வது புரிவதில்லை. புரியவில்லை என்றால் இன்னும் சத்தமாகச் சொல்கிறார். "சிரிக்காத! காது தெரியணும்! இன்னாடா பேஜாரு இது, காதுடா, காது!" என்று தன் காதையே பிடித்து இழுத்துக் காட்டுகிறார். அவர்கள் தோப்புக்கரணம் போடச் சொல்கிறார் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

போர்டிலிருந்து 'நந்தினி' என்ற எழுத்துகளைப் பிடுங்கிவிட்டார். ஆனால் பசை காய்ந்த தடம் போகவில்லை. ரோட்டின் அந்தப் பக்கம் நின்று பார்த்தால் 'நந்தினி டிஜிட்டல் ஸ்டூடியோ' என்றுதான் படிக்க வருகிறது. கம்ப்யூட்டரில் இருந்த உன் படங்களையெல்லாம் என் கையாலேயே அழிக்கச் சொன்னார். கண்ணாடி ஷோகேஸில் இருந்த பெரிய படத்தை உடைத்தார். ஆல்பத்தை அடுப்பில் போட்டார். பாஸ்போர்ட் படம் போட்டுக் கொடுக்கும் கவர்கள் இரண்டு கட்டு அச்சடித்து வைத்தாயே, அதை எறிய அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு கவரிலும் உன் பெயரை மார்க்கரால் அடிக்கச் சொல்லியிருக்கிறார். தினம் ஒரு மணி நேரம் அந்த வேலை. விரலெல்லாம் கறுப்பு. ஒரே ஒரு கவரை மட்டும் அடிக்காமல் கணக்கு நோட்டு அட்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாய்?

உன் தங்கை
கலா


கடம்பத்தூர்
22-6-2024

என் செல்லக் கலாவுக்கு,

உன் கடிதத்தை ரயில்வே கேட் அருகே நின்றபடியே படித்தேன். ஒரே மாவட்டம்தான். ஆனால் உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் சென்ட்ரல் போய் வேறு ரயில் மாற வேண்டும். வெளிநாட்டில் இருப்பதுபோல் இருக்கிறது.

உன்னிடம் சொல்லியிருந்தால் உன் முகத்திலேயே தெரிந்திருக்கும். நைனா ஒரு அதட்டல் போட்டால் நீ ஒப்பித்துவிடுவாய். உன்னைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வீட்டில் நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

இங்கே நன்றாக இருக்கிறேன். ராபின் திருவள்ளூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். அவர் அத்தை வீட்டு முன்னறையில் நானும் ஒரு ஸ்டூடியோ தொடங்கிவிட்டேன். ஸ்டூடியோ என்றால் பெரிதாக நினைக்காதே. ஒரு வெள்ளைத் துணி, இரண்டு லைட், கடனுக்கு வாங்கிய பழைய கேமரா. கோட்டு ஒன்றுதான், எல்லா அளவு ஆளுக்கும் அதுதான். முதுகில் ஊக்கு குத்திச் சரி செய்கிறேன். முதல் நாள் ஒருவரும் வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்து டைமர் வைத்து என்னையே எடுத்துக்கொண்டேன். இந்தக் கடையில் எடுத்த முதல் படம் அது. ஒரு பிரதிதான் போட்டேன். அது உனக்கு. பத்திரமாக வைத்துக்கொள், யாருக்கும் காட்டாதே.

நான் சொல்லிக்கொடுத்ததை மறக்காதே. முதலில் கண்ணைப் பார். கண் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் பிறகு. நைனா சொல்கிறார் என்று முகத்தை வெள்ளையாக்காதே. மருவை எடுக்காதே. ஆள் அதில்தான் இருக்கிறான்.

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிடு. முடித்த மறுநாள் நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். இங்கே கல்லூரியில் சேர்ந்து படி, மீதி நேரம் நாம் இருவரும் கடையைப் பார்ப்போம். இது என் வாக்கு.

அம்மாவைச் சாப்பிட வை.

உன் அக்கா
நந்தினி


கும்மிடிப்பூண்டி
3-7-2024

அன்புள்ள அக்காவுக்கு,

படம் கிடைத்தது. உன் மோவாயில் இருக்கும் மரு அப்படியே இருக்கிறது. தலையைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருக்கிறாய். தினமும் ராத்திரி எடுத்துப் பார்த்துவிட்டு வேதியியல் புத்தகத்தின் பழுப்பு அட்டைக்குள் வைத்துவிடுகிறேன். நைனா அந்தப் புத்தகத்தைத் தொடமாட்டார்.

நீ வந்து கூட்டிப்போவாய் என்று எழுதிய வரியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, கடிதத்தை அடுப்பில் போட்டேன். அம்மா பார்த்தாள். "இன்னாடி எரியுது?" என்றாள். பழைய வினாத்தாள் என்றேன். அன்றைக்கு இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

கடையில் ஒன்று நடந்தது. ஆதிகேசவன் என்று ஒரு வெல்டர் திடீரென்று இறந்துவிட்டார். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்குப் படம் வேண்டும் என்று நாலு பேர் ஓடி வந்தார்கள். பிணத்தை எடுப்பதற்குள் வேண்டுமாம். அவர்களிடம் இருந்தது ஒரே படம், அதிலும் கண் மூடியிருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நைனா சுற்றிப் பார்த்துவிட்டு, அழுதுகொண்டு நின்ற அவர் தம்பியைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். "அண்ணன் தம்பி ஒரே ஜாடதானே? இவன் கண்ண எட்த்து அதுல வையி" என்றார். வைத்தேன். அவர்கள் பார்த்துவிட்டு, "அப்படியே எங்கண்ணன் பாக்கற மாறியே கீது" என்று இன்னும் சத்தமாக அழுதார்கள். அந்தத் தம்பி மட்டும் அழவில்லை. படத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பெரியப்பா எல்லோரிடமும், "செத்தவன் கண்ணத் தொறக்கற கட, எங்க தம்பி கட" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். துக்க வீட்டுப் படங்கள் நிறைய வருகின்றன. பள்ளியிலிருந்து வந்து சீருடையைக்கூட மாற்றாமல் உட்காருகிறேன். அக்கா, நான் செய்தது தப்பா?

உன் தங்கை
கலா


கடம்பத்தூர்
17-7-2024

அன்புள்ள கலாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே ஒரு பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடையாள அட்டைப் படம் எடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு இருநூறு முகம். ராத்திரி கண்ணை மூடினாலும் முகமாகத்தான் வருகிறது. தூங்கி எழுந்தால் வாந்தி. ஆமாம், நீ நினைப்பது சரிதான். அம்மாவிடம் சொல்ல வழி இருந்தால் சொல்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அவசரத்துக்கு நீ செய்தது செய்ததுதான். ஆனால் அண்ணன் முகத்தில் தம்பியின் கண்ணை வைத்தால் அங்கே இருப்பது தம்பி. அழுகிறவர்களுக்கு அது தெரியாது. படம் எடுக்கத் தெரிந்தவளுக்குத் தெரியும். என்னிடம் யாரும் அப்படி ஏமாற்ற முடியாது, ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த முறை நீளமாக எழுதுகிறேன்.

நந்தினி


கும்மிடிப்பூண்டி
1-8-2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதைப் படித்தவுடன் பதில் எழுது. படித்த அன்றைக்கே எழுது.

ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் அல்லவா? வருகிற பதினொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் ஊரில். எப்போதும்போல் வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு வசூல் செய்தார்கள். நம் வீட்டு வாசலுக்கு மட்டும் வரவில்லை. அம்மாவே படியைத் தூக்கிக்கொண்டு கோவிலுக்குப் போனாள். "இர்க்கட்டும்மா, போதும் போதும்ன்ற அளவு வந்துட்ச்சி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மா அந்தக் கேழ்வரகைக் கொண்டுவந்து நடு வீட்டில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நைனா அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். "காலனிப் பையனோட போனவ உன் பொண்ணுதான்னு இர்க்கற வரைக்கும் ஊரு உன்ன சேத்துக்காது, பரசு. செத்துட்டான்னு எழ்தி பஸ் ஸ்டாண்ட்ல ஒரு போர்டு வையி. ஊர்ல தல நிமுந்து நட. கடகண்ணி வெச்சிக்கினுகீற, படம் போட ஆளா இல்ல உனக்கு?" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நைனா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "கலா, அவ போட்டோ எங்க?" என்றார். நீங்கதான் அழிக்கச் சொன்னீங்க, ஒன்றும் இல்லை என்றேன். சித்தி வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த குரூப் படம் ஒன்றைப் பெரியப்பா போனில் காட்டினார். உன் தலை கடுகளவு. பெரிதாக்கினால் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது. "எங்கனா ஒண்ணு இர்க்கும், தேடு. வெள்ளிக்கெழமைக்குள்ள போர்டு நிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வெள்ளி, ஒன்பதாம் தேதி.

வேதியியல் புத்தகம் என் பையிலேயே இருக்கிறது. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறேன்.

நான் என்ன செய்யட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன். முடியாது என்று சொல்லச் சொன்னால் சொல்லிவிடுகிறேன், ஆனால் அதற்குப் பிறகு நான் எங்கே போவது என்று சொல். ஏஞ்சலின் ஆன்ட்டி சென்ட்ரல் வரை கொண்டுவந்து விடுகிறேன் என்கிறார். நீ அங்கே நிற்பாயா? நிற்பாய் என்று ஒரு வரி எழுது. எழுதினால் போதும், வந்துவிடுகிறேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

கலா


கடம்பத்தூர்
20-8-2024

கலாவுக்கு,

பஸ் ஸ்டாண்டில் நிற்கும் என் போர்டை ராபினுடைய பழைய ஷிஃப்ட் நண்பர் குணா படம் பிடித்து அனுப்பியிருந்தார். அவருக்கு வேறு யாரோ அனுப்பியது, மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் எது என்று தெரியாமலா போகும்? அதே சாய்ந்த தலை. அதே சிரிக்காத சிரிப்பு. உனக்கு மட்டும் அனுப்பிய படம். ஒரே பிரதி.

உன் கடைசிக் கடிதம் வந்து ஒரு வாரமாக மேசையில் கிடந்தது. பள்ளிக்கூட வேலை தலைக்கு மேல் இருந்தது, எனக்கும் உடம்பு சரியில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். அது என் தப்புதான். போர்டைப் பார்த்த பிறகு பிரித்தேன். பிரித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. தேடு என்றார்கள், எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

நீ பயந்தவள் என்று எனக்குத் தெரியும். ஆனால் முதலில் சொன்ன பொய்யையே கடைசி வரை சொல்லத் தெரியாதா உனக்கு? அந்தப் படம் இங்கேயும் பரவிவிட்டது, கடைக்கு வருகிறவர்கள் போனைப் பார்க்கிறார்கள், என் முகத்தைப் பார்க்கிறார்கள். ராபினின் அத்தை, வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இப்படியா என்று அழுது சர்ச்சில் ஜெபம் செய்துவிட்டு வந்தார். இந்தக் கடையில் எடுத்த முதல் படம் அது. அதற்கு மாலை போட்டு, விளக்கு வரைந்து வைத்திருக்கிறாய். மருவைக்கூட எடுக்காமல் அழகாகச் செய்திருக்கிறாய்.

அதற்கு மேல் அந்தப் போர்டைப் பார்க்க என்னால் முடியவில்லை. போனிலிருந்து அழித்துவிட்டேன்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே. நீ எழுதினால் எனக்குப் படிக்கத் தோன்றாது.

நந்தினி


கும்மிடிப்பூண்டி
30-8-2024

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும். ஷைனியின் அம்மாவும் இதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யாரோ நைனாவிடம் அவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இனி அந்த முகவரிக்கு எதுவும் அனுப்பாதே.

எட்டாம் தேதி வரை காத்திருந்தேன். தினமும் மத்தியானம் ஷைனி, கடிதம் வரவில்லை என்று உதட்டைப் பிதுக்கிக் காட்டுவாள். எட்டாம் தேதி சாயங்காலம் போட்டோ எங்கே என்று நைனா கேட்டார். இல்லை என்றேன். அறைந்தார். மறுபடி இல்லை என்றேன். புத்தகப் பை என் காலடியில் இருந்தது. பெரியப்பா அவர் கையைப் பிடித்து, "ஏம்ப்பா அடிக்கிற? இதோ நிக்கிறா பாரு. அக்கா தங்கச்சி ஒரே ஜாடதானே?" என்றார்.

அம்மாவின் கடுகு நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். நைனாதான் எடுத்தார். "அசையாத. இன்னாத்துக்குக் கண்ல தண்ணி? தொட. போட்டோ கெட்டுப்பூடும்" என்றார். எப்படி உட்காருவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒன்றரை மாதமாகத் தினமும் உன் படத்தைப் பார்த்திருக்கிறேன். என் தலை தானாகவே வலப்பக்கம் சாய்ந்தது. பிறகு கம்ப்யூட்டரில் என் முகத்தைப் பெரிதாக்கி, மோவாயில் உன் மருவை வரைந்தேன். மாலை போட்டேன். விளக்கு வைத்தேன். எல்லாம் நீ சொல்லிக்கொடுத்தபடிதான்.

பிறந்த தேதி, இறந்த தேதி போட வேண்டும் என்றார் பெரியப்பா. இறந்தது ஜூன் இரண்டு, நீ போன நாள். பிறந்தது என்றைக்கு என்று கேட்டபோது நைனாவுக்குத் தெரியவில்லை, "நீயே போடு" என்றார். உன் வருடத்தைப் போட்டு, என் பிறந்த நாளைப் போட்டேன். செப்டம்பர் இருபத்தேழு. நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்.

போர்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக் கேழ்வரகை வாங்கிக்கொண்டார்கள். நைனா முன்வரிசையில் நின்று கூழ் குடித்தார். அம்மா போர்டின் கீழே நின்று வெகு நேரம் தேதியையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள். வீடு வரும்வரை விடவில்லை. உனக்குக் குழந்தை வரப்போகிறது என்று அந்த வழியில்தான் சொன்னேன். கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

பள்ளிக்கு நான் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. கேட் பாஸுக்கு வந்த ஒரு பீகார்ப் பையன், கடை வாசலிலிருந்தே தெரியும் அந்தப் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படம் எடுக்காமலே ஓடிவிட்டான். மொழி தெரியாதவனுக்குத் தெரிந்தது. "இருந்தா கடைய பாத்துக்குனு இருக்கட்டும், படிச்சவ படிச்சிக் கிழிச்சது போதும்" என்று இந்த வாரம் என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கையில் தொழில் இருக்கிறது என்று நைனா முதல் முறையாக என்னைப் பாராட்டினார். எனவே பன்னிரண்டாம் வகுப்பை நான் முடிக்கப் போவதில்லை. முடித்த மறுநாள் வருவதாக நீ கொடுத்த வாக்கும் உன்னை இனித் தொந்தரவு செய்யாது.

ஆறடி உயரப் படம் அக்கா. கண் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு இருக்கிறது. போனில் வந்தது மங்கலாக இருந்தது என்றாய், சரி. ஆனால் என் கண் உனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். முதலில் கண்ணைப் பார் என்று சொன்னவள் நீ. நீ தலை சாய்ந்திருப்பதைப் பார்த்தாய். மருவைப் பார்த்தாய். அங்கே இருந்தது நான்.

உன் படத்தை இதோடு அனுப்புகிறேன். யாரிடமும் காட்டவில்லை. மூலைகூட மடங்கவில்லை, நீயே பார்த்துக்கொள். அடிக்காமல் ஒளித்து வைத்திருந்த ஒரு கவர் இருந்ததே, அதில்தான் போட்டிருக்கிறேன். மற்ற கவரெல்லாம் அடித்து முடித்துவிட்டேன். கடைப் போர்டில் இருந்த பசைத் தடத்தையும் நேற்று நைனா மண்ணெண்ணெய் கொடுத்து என்னைத் துடைக்கச் சொன்னார்.

இந்தக் கடையில் உன் பெயர் இருந்த கடைசி இடம் இந்தக் கவர்தான்.

சந்திரகலா